மூப்பர் சபையும் தமிழ் வகுப்பறையும்

(ஈக்காட்டுத்தாங்கலில் நடைபெற்ற நம் வட்டத்தின் திங்கள் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இவ்வுரையின் தலைப்பை அழைப்பிதழில் கண்டதும் நம் வட்டத்தின் மூத்த கவிஞர் ஒருவர் என்னிடம் தொலைபேசியில் பேசினார். "அம்மா, மதம் மாற்ற வந்தவர்களுக்கு நம் விழா மலரில் இடம் வேண்டுமா?" என்று கேட்டார். கேட்டவர் என் தந்தையின் வயதினர். தமிழன்றி வேறு பற்று இல்லாதவர். அவர் வினாவைத் தட்டிக்கழிக்க எனக்கு விருப்பமில்லை. ஏனெனில், அதே வினாவை நானும் ஒருகாலத்தில் என்னுள் கேட்டுக்கொண்டு, விடை தேடாமலேயே ஒதுங்கியவள்.

அதை முதலில் சொல்லிவிடுகிறேன். பரிதிமாற் கலைஞரின் நாடகங்களே என் முனைவர் பட்ட ஆய்வின் பொருள். அவர் பயின்றதும் பணியாற்றியதும் சென்னைக் கிறித்தவக் கல்லூரி. நானூறு பக்கங்களுக்கு மேல் நீண்ட அந்த ஆய்வேட்டில் அக்கல்லூரிக்கு நான் தந்த இடம் இரண்டே வரிகள். தகவல் கிடைக்காமையன்று காரணம். மனம் வராமையே காரணம். தமிழைச் செம்மொழி என்று நிறுவ முனைந்த ஒருவரை, கடல் கடந்து வந்த சமயப் பணியாளர் நடத்திய நிறுவனம் தாங்கியது என்று எழுத என் கை கூசியது. வாய்மொழித் தேர்வில் புறத்தேர்வாளர் ஒரே ஒரு வினா கேட்டார்: "அவர் எங்கே நின்றுகொண்டு பாடம் நடத்தினார், அம்மா?" நான் கல்லூரியின் பெயரைச் சொன்னேன். "பெயரைக் கேட்கவில்லை" என்றார். பட்டம் கிடைத்தது; விடை கிடைக்கவில்லை. இன்றைய உரை, காலந்தாழ்ந்த அந்த விடைக்கான முயற்சி.

மூப்பர் ஆட்சி

கிறித்தவத்தின் பல பிரிவுகளுள் 'பிரஸ்பிட்டேரியன்' என்பது ஒன்று. இச்சொல்லின் வேர் கிரேக்க மொழியில் 'மூத்தவர்' என்னும் பொருளுடையது. ஆதலின் 'மூப்பர் சபை' என்று நாம் தமிழிற் கூறலாம். ஆயர் ஒருவரின் தனியாட்சிக்கு மாறாக, மக்கள் தேர்ந்த மூப்பர்களும் போதகர்களும் கூடி முடிவெடுக்கும் அமைப்பு இது. குடவோலை முறையைக் கல்லில் வெட்டிய உத்திரமேரூர் நம் நினைவுக்கு வரக்கூடும். இரண்டும் ஒன்றல்ல, எனினும் அவை கூடி ஆள்வது நமக்குப் புதிதன்று என்பதற்காக அதைச் சொன்னேன்.

ஸ்காட்லாந்து நாட்டின் திருச்சபை இவ்வமைப்பினது. சென்னையில் வாழ்ந்த ஸ்காட்லாந்தியர்க்கென எழும்பூரில் 1821-ஆம் ஆண்டில் புனித அந்திரேயா ஆலயம் எழுந்தது. தாமஸ் டி ஹாவிலண்டு என்னும் பொறியாளர் அதைக் கட்டினார். நிலம் நீரூறும் களிமண்ணாக இருந்தமையால், கிணறு தோண்டும் நம் நாட்டு முறையையே கையாண்டு, சுடுமண் உறைக் கிணறுகளை வரிசையாக இறக்கி, அவற்றின்மீது அடித்தளம் அமைத்தார். ஐரோப்பிய வடிவம் மேலே. நம் கிணறுகள் கீழே. கட்டடத்துக்குப் பொருந்திய இச்செய்தி, பின்னர் எழுந்த கல்விப் பணிக்கும் பொருந்துமா என்பதே இவ்வுரையின் வினா.

ஐம்பத்தொன்பது மாணவர்

அவ்வாலயத்தின் குருமார் இருவர் 1835-இல் ஒரு சிறு பள்ளியைத் தொடங்கினர். அதனை ஏற்று நடத்த ஸ்காட்லாந்திலிருந்து ஜான் ஆண்டர்சன் வந்தார். 1837-ஆம் ஆண்டு ஏப்ரல் 3-ஆம் நாள், அரண்மனைக்காரன் தெருவில் ஒரு வாடகை வீட்டில், 59 மாணவர்களுடன் பள்ளி திறக்கப்பட்டது. 'ஆர்மேனியன் தெரு' என்பதே நம் மக்கள் வாயில் 'அரண்மனைக்காரன் தெரு' ஆயிற்று என்பதைக் கவிஞர்கள் சுவைப்பீர்கள்.

பயிற்றுமொழி ஆங்கிலம். கல்கத்தாவில் அலெக்சாண்டர் டஃப் 1830-இல் தொடங்கிய முறை அது. ஆங்கிலக் கல்வி தந்தால் உயர்குலத்து இளைஞர் வருவர். விவிலியமும் உடன் கற்பிக்கப்படும். காலப்போக்கில் அவர்கள் கிறித்தவராவர் என்பது கணக்கு. நோக்கத்தை அவர்கள் மறைக்கவில்லை. ஆகவே நம் மூத்த கவிஞர் கூற்று உண்மையே. அவர்கள் மதம் மாற்றவே வந்தார்கள்.

ஆனால் கணக்கு தவறிற்று. எவ்வாறு தவறிற்று என்பதே கருதத்தக்கது.

முதல் சோதனை 1838-ஆம் ஆண்டளவில் வந்தது. தாழ்த்தப்பட்டோர் எனப்பட்ட வகுப்பைச் சேர்ந்த சிறுவர் சிலர் பள்ளியிற் சேர்க்கப்பட்டனர். அவர்களை நீக்குக, இன்றேல் தனியே அமர்த்துக என்று மேல்வகுப்பு மாணவரும் பெற்றோரும் வற்புறுத்தினர். ஆண்டர்சன் இணங்கவில்லை. மாணவர் பலர் வெளியேறினர். எந்த உயர்குலத்தாரை ஈர்க்கவெனப் பள்ளி தொடங்கப்பட்டதோ, அவர்களே வெளியேறுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். கதவை மட்டும் மூடவில்லை. 1841-ஆம் ஆண்டில் இராசகோபால், வேங்கடராமையா என்னும் மாணவர்கள் திருமுழுக்குப் பெற்றபோது பள்ளி மீண்டும் ஏறத்தாழ வெறிச்சோடியது. இம்முறை பெற்றோரின் அச்சத்தில் நியாயம் இருந்தது. அதையும் நாம் சொல்லத்தான் வேண்டும். பிள்ளையைப் படிக்க அனுப்பிய தாய், அவன் வீடு திரும்பமாட்டான் என்று கேட்ட நாளில் எப்படி அழுதிருப்பாள்! வரலாறு அவள் பெயரைக் குறித்து வைக்கவில்லை.

1843-இல் ஸ்காட்லாந்துத் திருச்சபையே இரண்டாயிற்று. ஒரு சபைக்குப் போதகரை நிலக்கிழார் நியமிப்பதா, மக்கள் விருப்பமே முடிவானதா என்பது வழக்கு. சென்னைப் பணியாளர்கள் மக்கள் விருப்பத்தை வற்புறுத்திய கட்டற்ற திருச்சபையின் பக்கம் நின்றனர். பள்ளியும் அவர்களுடன் சென்றது. ஆண்டர்சன் 1855-இல் இந்நகரிலேயே காலமானார். பாரிமுனையை அடுத்துள்ள ஆண்டர்சன் ஆலயம் இன்றும் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

மில்லரும் மாறிய நோக்கமும்

1862-இன் இறுதியில் இளைஞராக வந்து சேர்ந்தவர் வில்லியம் மில்லர். அவர் காலத்தில்தான் பள்ளி கல்லூரியாகி, 1877-இல் பிற சபைகளின் துணையோடு சென்னைக் கிறித்தவக் கல்லூரி எனப் பெயர் பெற்றது. கல்லூரியின் பணி தனித்தனி ஆட்களை மதம் மாற்றுவதன்று. சமுதாயத்தின் சிந்தனையில் நல்லெண்ணங்கள் பரவச் செய்வதே என்னும் கருத்துக்கு மில்லர் வந்தார். சபைக்குள்ளேயே இதற்குக் கடும் எதிர்ப்பு இருந்தது. ஏழைகளின் காணிக்கைப் பணத்தில் வசதியுள்ள இந்துப் பிள்ளைகளைப் பட்டதாரிகளாக்குவதா பணி என்று கேட்டனர். வலுவான கேள்விதான். மில்லர் பின்வாங்கவில்லை. அவர் வாழ்ந்த காலத்திலேயே மாணவர்கள் அவருக்குச் சிலை எடுத்தனர். அவர்களுள் மிகப் பலர் கிறித்தவரல்லர்.

அவ்வகுப்பறைக்குத்தான் விளாச்சேரியிற் பிறந்த சூரியநாராயண சாஸ்திரியார் வந்தார். 1892-இல் இளங்கலைத் தேர்வில் சிறந்து தேறினார். தத்துவத்துறையில் பணி தர மில்லர் முன்வந்ததாகவும், தமிழ்த்துறையே வேண்டுமென இவர் கேட்டுப் பெற்றதாகவும் கூறுவர். அக்காலத்தில் கல்லூரித் தமிழ்ப் பண்டிதர்க்கு ஊதியமும் மதிப்பும் ஏனையோரினும் குறைவு என்பதை மனத்திற் கொண்டால் இத்தேர்வின் அருமை விளங்கும்.

இன்னொரு செவிவழிச் செய்தியும் உண்டு. துடுப்புகள் இருபுறமும் அசையச் செல்லும் படகை அன்னப்பறவையோடு ஒப்பிட்ட டென்னிசனின் கவிதையைப் பாடம் சொன்ன மில்லர், இத்தகைய உவமை உங்கள் மொழியில் உண்டா என்று கேட்டாராம். மாணவராயிருந்த சாஸ்திரியார் எழுந்து, குகனின் நாவாய் செல்லும் கம்பன் பாடலைச் சொல்லி விளக்கினாராம். தமிழர் இக்கதையைப் பெருமிதத்தோடு சொல்வர்; நானும் வகுப்பில் பலமுறை சொல்லியிருக்கிறேன். ஆனால் கதையின் மற்றொரு பாதியை நான் எண்ணியதில்லை. ஆங்கிலேயர் ஆட்சியில், முதல்வரின் வகுப்பில், மாணவர் ஒருவர் எழுந்து மறுமொழி சொல்ல இடம் இருந்தது. சொன்னவர் தண்டிக்கப்படவில்லை, ஆசிரியராக்கப்பட்டார். பாட்டின் பாதி கம்பனுடையது. இடத்தின் பாதி யாருடையது?

அவ்விடத்தில் நின்று அவர் செய்தவை நீங்கள் அறிந்தவை. ரூபாவதி, கலாவதி, மானவிசயம் என்னும் நாடகங்கள், 1897-இல் நாடக இலக்கணமாகிய நாடகவியல், தமிழ்மொழியின் வரலாறு. அதே கல்லூரியில் ஆங்கிலம் கற்பித்த மு.சி. பூரணலிங்கம் பிள்ளையுடன் சேர்ந்து ஞானபோதினி இதழை 1897-இல் தொடங்கினார். தனிப்பாசுரத்தொகைக்கு மட்டும் 'பரிதிமாற் கலைஞர்' என்னும் புனைபெயரைப் பூண்டார். பேராசிரியர் என்னும் பெயருக்காக எவரும் புகழ வேண்டா. பாட்டுக்காகப் புகழட்டும், இகழட்டும் என்பது அவர் எண்ணம். கவிஞர்கள் நிறைந்த இந்த அவையில் இதை நான் விரித்துரைக்க வேண்டுவதில்லை.

1902-இல் சென்னைப் பல்கலைக்கழகப் பாடத்திட்டத்தினின்று தமிழ் முதலான நாட்டு மொழிகளை அகற்றும் முயற்சி எழுந்தபோது, இவரும் பூரணலிங்கம் பிள்ளையும் அலைந்து திரிந்து அறிஞர்களின் ஆதரவைத் திரட்டினர். தமிழ் நிலைத்தது. மறு ஆண்டே, 33 வயதில், காசநோய்க்கு அவர் இரையானார். அவர் விதைத்த செம்மொழிக் கருத்து 2004-இல் அரசாணையாக விளைந்தது.

1898-இல் அவர் தம்முடன் தமிழாசிரியராகத் தேர்ந்தெடுத்தவர் வேதாசலம் பிள்ளை. நாம் மறைமலையடிகள் என்று போற்றுபவர் அவரே. குற்றியலுகரத்துக்கு எடுத்துக்காட்டுக் கேட்டபோது "அஃது எனக்குத் தெரியாது" என்று விடை சொன்னாராம். உடனிருந்தோர் திகைக்க, சாஸ்திரியார் மட்டும் மகிழ்ந்தாராம். அஃது ஆய்தத்தொடர், எனக்கு வன்றொடர், தெரியாது உயிர்த்தொடர். இதுவும் செவிவழிச் செய்தியே. ஆனால் வைதிக அந்தணர் ஒருவரும் தீவிர சைவர் ஒருவரும், ஸ்காட்லாந்து மூப்பர் சபையார் நடத்திய கல்லூரியில், ஒரே துறையில் தமிழ் வளர்த்தது செவிவழிச் செய்தியன்று. 1911-இல் பல்கலைக்கழகம் தமிழைக் கட்டாயப் பாடமாக வைக்காமற் போனதால் அடிகள் பணியை விட்டுப் பல்லாவரத்திற் குடியேறினார். நாம் கூடியிருக்கும் இவ்விடத்துக்கு அது தொலைவன்று.

எதிர்த்து எழுதவும் இடம் தந்த வகுப்பறை அது. வேதாந்தத்தில் அறவியலுக்கு இடமில்லை என்ற கிறித்தவ அறிஞர்களின் கூற்றை மறுக்கும் வகையில் இராதாகிருஷ்ணன் தம் முதுகலை ஆய்வுரையை எழுதியது இக்கல்லூரியில்தான். அதைப் படித்துப் பாராட்டியவர் அவர் ஆசிரியரான ஏ.ஜி. ஹாக் என்னும் ஸ்காட்லாந்துப் போதகர். பின்னர் அவர் கல்லூரி முதல்வருமானார். 1937-இல் கல்லூரி தாம்பரத்துக்குப் பெயர்ந்தபோது அப்பொறுப்பில் இருந்தவரும் அவரே.

கல்லூரிக்கு வெளியே

நகரக் கல்லூரி மட்டுமே அப்பணி எனக் கருதுதல் பிழை. பெண்ணாகிய நான் அலெக்சாண்டிரினா மாட்டில்டா மக்ஃபெயில் என்னும் மருத்துவரை மறத்தல் ஆகாது. 1888-இல் சென்னைக்கு வந்து, தம் இல்லத்திலேயே பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் மருந்தகம் தொடங்கினார். ஆண் மருத்துவரிடம் உடலைக் காட்டுவதினும் சாவதே மேல் என்று பெண்கள் கருதிய காலம் அது. அம்மருந்தகம் வளர்ந்து 1914-இல் இராயபுரத்தில் ரெய்னி மருத்துவமனையாயிற்று. வடசென்னை மக்கள் நாவில் அது இன்றும் 'ரெய்னி ஆஸ்பத்திரி'தான்.

செங்கற்பட்டில் ஆதாம் ஆண்ட்ரூ என்னும் போதகர் சேரி மக்களின் நிலவுரிமைக்காக அரசிடம் வாதாடினார். அம்மாவட்ட ஆட்சியர் டிரெமென்கீரின் 1891-ஆம் ஆண்டு அறிக்கையும், அதையொட்டி 1892-இல் பஞ்சமி நிலம் வழங்க வழிசெய்த ஆணையும் அச்சூழலில் எழுந்தவை. மில்லரின் கல்லூரி யாரை விட்டுவிட்டதோ அவர்களிடம் ஆண்ட்ரூ சென்றார் எனலாம். ஒரே சபையின் இரு கைகள் அவை. ஒரு கை செய்ததை மற்றொரு கை எப்போதும் ஒப்பியதில்லை.

விட்ட குறை

இனி, குறையையும் சொல்ல வேண்டும். அவர்கள் கல்லூரி தமிழறிஞரைத் தாங்கியது; தமிழில் அறிவியலைத் தாங்கவில்லை. தமிழ், பாடமாக இருந்தது, பயிற்றுமொழியாக இல்லை.

இது இயலாத செயலா? அன்று. யாழ்ப்பாணத்தில் காங்கிரிகேஷனல் சபையாரும் மூப்பர் சபையாரும் கூடி ஆதரித்த அமெரிக்கன் போர்டு என்னும் அமைப்பின் மருத்துவர் சாமுவேல் ஃபிஸ்க் கிரீன் 1847-இல் வந்து, மானிப்பாயில் மருத்துவம் கற்பித்தார். பின்னர் அவரே தமிழ் கற்றுத் தமிழிலேயே பாடம் நடத்தலானார். இரணவைத்தியம், மனுஷ அங்காதிபாதம், கெமிஸ்தம் என நூல்கள் வந்தன. 60-க்கு மேற்பட்ட மருத்துவரை அவர் உருவாக்கினார். ஆங்கிலத்திற் கற்றவர் அரச பணி தேடி ஊரைவிட்டு அகல்வர். தமிழிற் கற்றவர் ஊரிலேயே இருந்து மக்களுக்கு மருந்து தருவர் என்பது அவர் கண்ட உண்மை. 1884-இல் தம் நாட்டில் மறைந்த அவர், தமிழர்க்கு மருத்துவப் பணி செய்தவர் என்றே தம் கல்லறையில் பொறிக்கச் சொன்னார்.

கொரியாவிலும் இதற்கோர் எடுத்துக்காட்டு உண்டு. சீன எழுத்தையே கற்றோர் மதித்த காலத்தில், பாமரர்க்குரியது என்று ஒதுக்கப்பட்ட ஹங்குல் எழுத்தில் புதிய ஏற்பாட்டை 1887-இல் வெளியிட்டவர் ஜான் ராஸ் என்னும் ஸ்காட்லாந்து மூப்பர் சபைப் பணியாளர். ஆக, அங்கே இவர்கள் மக்கள் மொழியைக் கருவியாக்கினர். சென்னையிலோ ஆட்சியாளர் மொழியைக் கருவியாக்கினர். இதன் விளைவை இன்றும் என் வகுப்பறையில் காண்கிறேன். வேறு பாடத்தில் இடம் கிடைக்காததால் தமிழுக்கு வந்தேன் என்று முதல் நாளிலேயே சொல்லும் மாணவியர் உண்டு. அந்தக் குறையை ஸ்காட்லாந்தியர் தலையில் மட்டும் சுமத்துதல் அறமாகாது. அவர்கள் சென்ற பின் எத்தனையோ ஆண்டுகளை நாமும் கடந்துவிட்டோம்.

நிறைவாக

1908-இல் மூப்பர் சபையார் பிறரோடு இணைந்து தென்னிந்திய ஐக்கிய சபையாகி, 1947-ஆம் ஆண்டு செப்டம்பர் 27-ஆம் நாள் தென்னிந்தியத் திருச்சபையில் ஒன்றினர். சென்னையில் தனிப்பெயராக நின்றது பெரும்பாலும் கரைந்துவிட்டது. வகுப்பறையும் மருத்துவமனையும் நிற்கின்றன.

மூத்த கவிஞரின் வினாவுக்கு என் விடை இது. நன்றி சொல்வது வேறு, உடன்படுவது வேறு. அவர்களின் சமய நோக்கத்துக்கு நாம் உடன்பட வேண்டியதில்லை. பரிதிமாற் கலைஞரும் உடன்படவில்லை, மறைமலையடிகளும் உடன்படவில்லை. ஆனால் உடன்படாதவர்க்கு நாற்காலியும் ஊதியமும் மாணவரும் தந்து, "உன் பாடத்தை நீ நடத்து" என்று ஒதுங்கி நின்ற செயலுக்கு நன்றி சொல்லாமல் விடுவது, தமிழ்ப் பண்பாகாது. என் ஆய்வேட்டின் இரண்டு வரிகளை இன்று உங்கள் முன்னிலையில் திருத்திக்கொள்கிறேன்.

புறத்தேர்வாளர் கேட்ட வினாவை நம் வட்டத்தை நோக்கியும் திருப்பலாம். நாம் எங்கே நின்றுகொண்டு பேசுகிறோம்? நாம் கூடியிருக்கும் ஊர் ஈக்காட்டுத்தாங்கல். தாங்கல் என்றால் நீரைத் தேக்கி வயலுக்கு விடும் ஏரி. வேடந்தாங்கல், பழவந்தாங்கல் என நம் பக்கத்து ஊர்ப்பெயர்கள் பல அதைச் சொல்லும். தாங்கலில் தேங்கும் மழை எந்தத் திசைக் காற்றில் வந்ததென்று எந்த உழவரும் கேட்டதில்லை. தேங்கியது வயலுக்குப் பாய்ந்ததா என்றே கேட்டனர்.

பத்தாண்டுகளாக இவ்வட்டத்திற் பாடியவர்களின் பட்டியலைச் செயலாளர் எனக்குக் காட்டினார். பெருமைப்பட்டேன். ஆனால் நம்மோடு உடன்படாதவர் எத்தனை பேர் இம்மேடையில் நின்றனர்? கிண்டித் தொழிற்பேட்டையில் பணி முடித்து இதே தெரு வழியே நடந்து செல்லும் தொழிலாளருள் எத்தனை பேர் உள்ளே வந்தனர்? ஆண்டர்சன் மூடாத கதவு, மில்லர் ஒதுக்கித் தந்த இடம், கிரீன் தேர்ந்த மொழி ஆகிய மூன்றையும் அடுத்த பத்தாண்டுக்குரிய பணியாக நாம் ஏற்கலாம். எழுந்து மறுமொழி சொல்லும் ஒரு மாணவர்க்காவது இவ்வட்டம் இடம் தருமாயின், இருபதாம் ஆண்டு மலரில் அவர் பெயர் இருக்கும்.

என் உரையை மறுப்பவர்க்கு இப்போதே இம்மேடையை விட்டுக்கொடுத்து அமர்கிறேன். மூத்த கவிஞர் முதலில் பேச வேண்டுமென அன்போடு வேண்டுகிறேன்.